எழுத்துருக் கலைஞரின் வேலை இனி வரைவதா, விதி வகுப்பதா?

வரிவடிவம் (இழையைத் தொடங்கியவர்)

கணினி வந்த பின்னர் வடிவமைப்பின் பணி என்னவாயிற்று என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு நான்கு திசையிலும் சிதறிவிடும். ஆகவே தமிழ் எழுத்துரு என்னும் ஒரே துறைக்குள் நின்று இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதும் ஒரு காரணம்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. தாளோ தட்டுப்பாடாக இருந்தது. எனவே ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்தார் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தபோது, அதன் பொறுப்பாளர் ஹண்ட் சிறிதாகவும் தெளிவாகவும் இருக்கும் எழுத்துகளையே நாடினார். இரண்டு இடத்திலும் எழுத்தை வெட்டியவருக்குத் தாள், மை, அளவு, பெரும்பாலும் அச்சாகப் போகும் நூல்கூடத் தெரிந்திருந்தது. பணியின் நோக்கமும் தெளிவாக இருந்தது: இத்தனை பக்கத்துக்குள், கண் வலிக்காமல் படிக்கும்படி எழுத்து அடங்க வேண்டும்.

இன்று எழுத்துரு ஒன்றைச் செய்து வெளியிடுபவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அது கைக்கடிகாரத் திரையில் தோன்றலாம், நெடுஞ்சாலைப் பலகையில் தோன்றலாம், அரசாணையின் கோப்பில் தோன்றலாம். அதற்கும் மேலாக, எழுத்து என்பதே இப்போது வடிவம் அன்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொது அட்டவணையான யூனிகோடின், 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்து தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இன்று 72 இடங்கள் நிரம்பியுள்ளன. நாம் பள்ளியில் படித்த 247 எழுத்துகளில் உயிர்மெய்களுக்கு அங்கே தனித்தனி இடம் இல்லை. 'கெ' என்பது கணினியில் 'க' முதலிலும் ஒற்றைக்கொம்பு பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ'வில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். 'கு, ஙு, சு, ஞு, டு' என்னும் வரிசையில் ஒவ்வொன்றும் தனி வழியில் வளைகிறது. இவற்றையெல்லாம் நடத்திவைப்பவை எழுத்துருவுக்குள் எழுதப்படும் மாற்றீட்டு விதிகளும், அவற்றைப் படித்து எழுத்தைக் கோக்கும் மென்பொருளுந்தான்.

ஆகவே என் வேலையில் பாதி, ஓர் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை விட, நான் ஒருபோதும் பார்க்கப்போகாத சூழலில் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதாகிவிட்டது. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. படிப்பவரை மிக அதிகமாகப் பாதிக்கும் முடிவுகள், எழுத்துருக் கலைஞர் வந்து சேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. குறியீட்டு அட்டவணை, கோக்கும் மென்பொருள், கைப்பேசியுடன் வரும் இயல்பு எழுத்துரு ஆகிய மூன்றும் அமைந்த பிறகு எஞ்சும் இடத்தில்தான் நாங்கள் அழகு செய்கிறோம். அப்படியானால் எங்கள் பணியின் நோக்கத்தை எங்கே வைப்பது? அந்த மூன்று அறைகளுக்குள் நுழைவதுதான் இனி வடிவமைப்பு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

---

திரைமுகம்

நான் செயலிகளுக்கு இடைமுகம் அமைப்பவள். வரிவடிவம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவர் மூன்று அறைகளோடு நிறுத்திவிட்டார். நான்காவது அறை நாங்கள் இருக்கும் அறை. தமிழுக்குப் பெருங்கேடு அங்கேதான் நிகழ்கிறது என்று வெட்கமின்றிச் சொல்வேன்.

ஒரு பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவரின் படத்துக்குப் பதிலாகப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுவது இன்று எல்லாச் செயலிகளிலும் உள்ள வழக்கம். முதல் எழுத்து என்று நிரலுக்குச் சொன்னால் அது முதல் குறியீட்டை எடுத்துக்கொள்கிறது. மீனாவின் வட்டத்தில் 'ம' நிற்கும். கீதாவின் வட்டத்தில் 'க' நிற்கும். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு. நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' ஆகும். மூன்றில் வெட்டினால் பரவாயில்லை, இரண்டில் வெட்டினால் 'தம'. தலைப்பு நீளமாக இருந்தால் வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வேலையை எழுதியவர் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தார் என்பது இப்படித்தான் வெளிப்படும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம், தமிழுக்கு 70 குறியீடு மட்டுமே இடம் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அது யாரோ தமிழை வெறுத்து எடுத்த முடிவு அன்று. உரோமன் எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று கருதி வகுத்த அமைப்பு. ஆயினும் வங்கியோ மின்வாரியமோ தமிழில் செய்தி அனுப்பத் தயங்குவதற்கு அந்த ஒரு முடிவு இன்றுவரை கணக்குச் சாக்காக இருக்கிறது.

வரி உயரம் இன்னொரு தொல்லை. மேலே மேல்விலங்கும் புள்ளியும், கீழே 'ழூ', 'ளூ', 'மூ' போன்றவற்றின் வால்களும் இருப்பதால் தமிழுக்குச் செங்குத்தாக இடம் கூடுதலாக வேண்டும். பொத்தானின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிவிட்டு மொழிபெயர்ப்பைப் பிறகு ஊற்றினால், தலையோ காலோ வெட்டுப்படும். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு இடைமுகப் பதிப்பு என்று தனியாக ஒன்று இருந்தது நினைவிருக்கலாம். நெருக்கமான உயரத்துக்குள் அடங்கும்படி செய்யப்பட்ட பதிப்பு அது. அதாவது, பொத்தான் அகலாது என்று ஏற்றுக்கொண்டு எழுத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிய கதை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கேள்வி சற்று மாறுபட்டது. எழுத்துருக் கலைஞர் குறியீட்டுக் குழுவுக்குள் நுழைவது இருக்கட்டும். ஒரு செயலியின் முதல் வரைபடம் போடும்போதே தமிழ்ச் சொல்லை வைத்துப் போடும் பழக்கம் நம்மிடம் எத்தனை பேருக்கு இருக்கிறது? தமிழர்களே தமிழர்களுக்குச் செய்யும் செயலியில்கூட முதல் வரைபடம் ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது.

---

சுவரெழுத்து

உங்கள் இருவருடைய பேச்சையும் பொறுமையாகப் படித்தேன். இளையவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் 'வடிவமைப்பின் பணி மாறுகிறது' என்று சொல்லும் இடத்தில் நான் 'பணி பறிபோனது' என்று சொல்வேன்.

கடைப் பலகை, சுவர் விளம்பரம், கட்-அவுட் மூன்றிலும் எழுதியவன் நான். பலகைக்கு எழுதுபவன் முதலில் பார்ப்பது கடையின் அகலத்தை. பெயர் நீளமாக இருந்தால் எழுத்தை ஒடுக்க வேண்டும். ஆனால் தூரிகையின் பட்டை மாறாது, ஆகவே எழுத்து ஒடுங்கினாலும் கோட்டின் தடிமன் அப்படியே நிற்கும். பெயர் சிறியதாக இருந்தால் இணைக்கொம்பையோ கடைசித் துணைக்காலையோ இழுத்து இடத்தை நிரப்புவோம். எந்த எழுத்தை இழுக்கலாம், எதை இழுத்தால் வேறு எழுத்தாகத் தெரியும் என்பது கைக்குத் தெரியும். பேருந்தில் போகிறவன் படிக்க வேண்டிய பலகைக்கு ஒரு கை, நடந்து போகிறவன் படிக்க வேண்டியதற்கு வேறொரு கை.

ஃப்ளெக்ஸ் வந்தபோது என்ன நடந்தது? டி.டி.பி. கடையில் இருக்கும் நான்கைந்து எழுத்துருக்களில் ஒன்றை எடுத்து, பலகையின் அளவுக்குப் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள் அல்லது இழுக்கிறார்கள். நசுக்கினால் நிற்கும் கோடு மெலிந்து படுக்கும் கோடு தடித்துத் தெரியும். எழுத்தின் முதுகெலும்பே ஒடிந்துவிடும். வாடிக்கையாளருக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் ஊர் முழுக்க அதுவே தொங்குகிறது. ஒரு தெருவில் மருந்துக் கடையும் மளிகைக் கடையும் சாவு அறிவிப்பும் ஒரே எழுத்தில் நிற்பதை நீங்கள் முன்னேற்றம் என்பீர்களா?

வார இதழ்களில் ஒவ்வொரு கதைக்கும் தலைப்பை ஓவியரே எழுதிய காலம் ஒன்று இருந்தது. கதையின் குணம் அந்தத் தலைப்பெழுத்திலேயே தெரியும். சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவை ஒரு புத்தகத்துக்காக, ஒரு முறைக்காக எழுதப்பட்டவை. வரிவடிவம் தம்பி, நீங்கள் 'எந்தச் சூழலிலும் நடந்துகொள்ளும் எழுத்து' என்கிறீர்கள். எந்தச் சூழலுக்கும் பொருந்துவது எந்தச் சூழலுக்கும் உரியதாக இருக்காது. வடிவமைப்பின் நோக்கம் இந்த இடத்துக்கு இது என்று தீர்மானிப்பதுதான். அந்தத் தீர்மானத்தை விட்டுக்கொடுத்த பிறகு விதி எழுதினால் என்ன, வேறு எதை எழுதினால் என்ன?

---

கடலூர்வாசி

அருமையான இழை. ஒரு சிறு குறிப்பு மட்டும்: பரவலாகப் புழங்கும் தரமான தமிழ் எழுத்துருக்கள் இன்று நான்கைந்து அல்ல. கட்டணமில்லாமல் கிடைப்பவற்றில் மட்டுமே பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையின் தாரிக் அசீஸ் செய்த பவனம், கவிவனார், எக் டைப் குழுவினரின் முக்த மலர், பலூ தம்பி, சுதந்திர மலையாளம் கணிமை அமைப்பினரின் மீரா இனிமை என்று பல உண்டு. டி.டி.பி. கடைகள் அவற்றை எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு: அங்கே பல ஆண்டுகளாக ஓடும் பழைய மென்பொருள்களில் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காக வராது.

---

பழையகோப்பு

கடலூர்வாசி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே வருகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் வாழ்பவள்; ஊர்ச் சங்கம் ஒன்றின் பழைய மலர்களையும் கடிதங்களையும் எண்ணிம வடிவுக்கு மாற்றும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன்.

எங்களவரிடையே தொண்ணூறுகளில் பாமினி என்னும் எழுத்துரு மிகப் பரவலாக இருந்தது. அழகாகவும் இருந்தது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அது வேலை செய்த முறை என்ன? உரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். 'அம்மா' என்று திரையில் தெரிவது கோப்புக்குள் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா மறைந்து அந்த உரோமன் குழப்பமே தோன்றும். ஒருவர் தம் தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றை முந்நூறு பக்கத்துக்கு அதில் தட்டெழுதி வைத்துவிட்டுக் காலமானால், அடுத்த தலைமுறை திறக்கும்போது அவர்களுக்குக் கிடைப்பது எந்த மொழியிலும் இல்லாத ஒரு பிரதி.

இதைச் சொல்வது பழைய எழுத்துருக்காரர்களைக் குறை கூறுவதற்காக அன்று. வேறு வழியில்லாத காலத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் எழுத்தைப் படமாகவே கருதினார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதே நோக்கம். சுவரெழுத்து ஐயா மன்னிக்க வேண்டும், நீங்கள் வரைந்த பலகைக்கு அந்த நோக்கம் முற்றிலும் பொருந்தும், ஏனென்றால் பலகையை யாரும் தேடவோ நகலெடுக்கவோ வேறு கணினிக்கு அனுப்பவோ போவதில்லை. கோப்புக்கு அது பொருந்தாது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியாக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தகுதரம் (TSCII) எனப்படும் பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பார்வையற்ற ஒருவரின் திரைபடிப்பி பாமினிக் கோப்பை வாசித்தால் அவர் காதில் விழுவது தமிழாக இராது. கண்ணுக்குத் தமிழாகவும் மற்ற எல்லாவற்றுக்கும் தமிழல்லாததாகவும் இருக்கும் ஒன்றை நல்ல வடிவமைப்பு என்று இனி எவரும் சொல்ல முடியாது என்பதே என் நிலைப்பாடு.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. யூனிகோடு வந்துவிட்டதால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 'ஔ' என்னும் உயிரெழுத்தும் 'ஒ'வுக்குப் பின் 'ள' இட்டதும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரிகின்றன. 'ஸ்ரீ'யை 'ஸ' கொண்டும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ' கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் காட்டுகின்றன. எங்கள் பட்டியலில் ஒரே ஆசிரியர் இரண்டு பேராகப் பதிவாகியிருந்ததற்குக் காரணம் இதுதான். எழுத்துருக் கலைஞர் 'ஔ'வின் பின்பகுதியைச் சற்றே சிறிதாக வரைந்தால் தட்டெழுதுபவருக்கு ஐயம் எழும். இத்தனை சிறிய வரைவு முடிவு ஒரு நூலகப் பட்டியலைக் காப்பாற்றும்.

---

வரிவடிவம்

பழையகோப்பு அம்மையார் சொன்ன கடைசிச் செய்தி எனக்கு மிக முக்கியமானது. அதைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுவரெழுத்து ஐயாவுக்கு முதலில் விடை. இந்த இடத்துக்கு இது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பு என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானம் இப்போது ஓரிடத்தில் நிகழ்வதில்லை. இந்திய ரூபாய்க் குறியை நினைத்துப் பாருங்கள். தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்தபோது வரைந்தது; அவருடைய ஆய்வுப் பொருளே தமிழ் அச்செழுத்தின் வரலாறு. 2010 ஜூலை 15 அன்று ஒன்றிய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. பழைய முறையில் பார்த்தால் வடிவமைப்பு அன்றே முடிந்துவிட்டது. ஆனால் மறுநாள் கடிதத்தில் அந்தக் குறியை இட விரும்பிய ஒருவரால் இட முடியவில்லை, ஏனெனில் அதற்கென்று ஓர் எண் எந்த அட்டவணையிலும் இல்லை. மங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உடனடியாக ஓர் எழுத்துருவை வெளியிட்டது. விசைப்பலகையின் இடது மூலையில் அதிகம் புழங்காத ஒரு குறியின் இடத்தில் ரூபாய்க் குறியை ஒளித்து வைத்திருந்தார்கள். அது பாமினி செய்த வேலையேதான்: எழுத்துரு இல்லாத கணினியில் ரூபாய் மறைந்து பழைய குறி தலைகாட்டும். அவ்வாண்டு அக்டோபரில் யூனிகோடு எண் கிடைத்தது. அதன் பின்னர் இயங்குதளங்கள் தம்மைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, விசைப்பலகைகள் மாற வேண்டியிருந்தது, உலகெங்கும் உள்ள எழுத்துருக்காரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தின் எடைக்கும் சாய்வுக்கும் ஏற்ப அதைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. இன்று நாம் காணும் ரூபாய்க் குறிகளில் பெரும்பாலானவை உதயகுமாரின் கை வரைந்தவை அல்ல. அவர் கொடுத்தது ஓர் எலும்புக்கூடு. அதற்கு உடல் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத பலர். வடிவமைப்பு என்பதில் இவர்கள் எல்லோருடைய பங்கையும் சேர்க்காவிட்டால், அந்தக் குறி எப்படிப் புழக்கத்துக்கு வந்தது என்பதையே விளக்க முடியாது.

ஃப்ளெக்ஸ் பலகையில் எழுத்து நசுங்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், அடோபி ஆகிய நான்கும் கூடி அறிவித்த மாறும் எழுத்துரு என்னும் நுட்பத்தில், அகலத்தை ஓர் அச்சாக (axis), அதாவது கூட்டவும் குறைக்கவும் கூடிய அளவாக, வைக்கலாம். எழுத்து ஒடுங்கும்போது நிற்கும் கோட்டின் தடிமனைக் குறையாமல் காப்பது எப்படி என்பதை எழுத்துருக்குள்ளேயே வகுத்து வைக்கலாம். உங்கள் தூரிகையின் பட்டைக்குத் தெரிந்திருந்ததைத்தான் அது செய்கிறது. அந்த அறிவு அழிந்துபோக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதியாக எழுதப்பட்டால் அது எந்த டி.டி.பி. கடைக்கும் போய்ச் சேரும்.

---

சுவரெழுத்து

போய்ச் சேரும் என்பது சரி. யாருடைய பெயரில் போய்ச் சேரும்? நாங்கள் நாற்பது ஆண்டு சுவரில் கற்றுக்கொண்டதை நீங்கள் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓர் அச்சாக்கி விற்பீர்கள். எங்கள் கைக்கு அதில் என்ன கிடைக்கும்?

தில்லியில் ஹனீஃப் குரேஷி என்ற ஓவியர் தெருவில் எழுதும் ஓவியர்களின் எழுத்தை எழுத்துருக்களாக மாற்றி, அவற்றை அவரவர் பெயரிலேயே வெளியிட்டார் என்று அறிவேன். தமிழ்நாட்டில் அப்படி ஒருவர் என் கதவைத் தட்டியதில்லை. தட்டியிருந்தால் பேசியிருப்பேன்.

நுட்பத்தை நான் வெறுக்கவில்லை. சுவர் எழுதும் வேலை போனதற்கு நுட்பம் மட்டும் காரணம் அல்ல, ஒரே இரவில் பலகை வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரும் காரணம். ஆனால் 'முடிவுகள் மேலிடத்தில் எடுக்கப்படுகின்றன, நாங்கள் அங்கே போக வேண்டும்' என்று நீங்கள் சொல்லும்போது, உங்களுக்குக் கீழே இருந்தவர்களின் முடிவுகளை நீங்கள் எடுத்துக்கொண்டதையும் கணக்கில் வையுங்கள்.

---

திரைமுகம்

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தப் புள்ளியை நாம் மென்று விழுங்கிவிடக் கூடாது.

---

இலக்கணவாத்தியார்

பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத ஒரு பொருளை எடுக்கிறேன். வடிவமைப்பின் நோக்கத்தை நுட்பம் மாற்றியது இது முதல் முறை அன்று. 1935இல் பெரியார் குடிஅரசில் கையாளத் தொடங்கி, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன: குழந்தைகள் எளிதாகக் கற்கலாம், அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாகும். 'ணா, றா, னா' மூன்றும், 'ணை, லை, ளை, னை' நான்கும், 'ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ' ஆறுமாகப் பதின்மூன்று எழுத்துகள் பொது விதிக்குள் வந்தன. அன்று கணக்கு எளிது: வடிவம் ஒன்று குறைந்தால் அச்சுப் பெட்டியில் அறை ஒன்று குறையும்.

இப்போது அந்த இரண்டாவது காரணம் மறைந்துவிட்டது. 'ல'வும் இணைக்கொம்பும் கணினியில் எப்போதும் அதே இரண்டு குறியீடுகள்தாம். அதைத் திரையில் புதிய முறையில் காட்டுவதா, மேலே சுழித்து எழுதும் பழைய 'லை'யாகக் காட்டுவதா என்பது முழுக்க எழுத்துருவின் விருப்பம். பழைய நூலை மறுபதிப்பு செய்பவர் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தேடலில் ஒரு குறையும் நேராது. எந்தப் பொறிக்காகச் சீர்திருத்தம் வேண்டப்பட்டதோ, அதன் வாரிசு இப்போது 'எனக்கு இரண்டும் ஒன்றுதான்' என்கிறது.

கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி 'உ, ஊ' வரிசைக்கும் தனிக் குறிகள் வேண்டும் என்று வாதிட்டபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். நான் அந்த எதிர்ப்பின் பக்கம். எனினும் குழந்தைக்கு எளிது என்ற அவருடைய வாதத்தைப் பொறியின் பெயரைச் சொல்லி யாரும் இனி ஆதரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கற்பவரின் கண் ஒன்றுதான் எஞ்சியிருக்கும் அளவுகோல். முதல் வகுப்புப் பாடநூலுக்கென்றே, எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பாதபடி செய்யப்பட்ட எழுத்துரு ஒன்று வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறேன். 'ண'வில் மூன்று சுழி, 'ன'வில் இரண்டு சுழி என்பது பல திரை எழுத்துருக்களில் சிறிய அளவில் கரைந்துபோகிறது. மாணவர் பிழைவிட்டால் ஆசிரியரைக் கேட்கிறார்கள். எழுத்துருவை எவரும் கேட்பதில்லை.

---

புதுத்தூரிகை

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிப்பவன். என் தலைமுறையின் சிக்கலைச் சொல்லாமல் இந்த இழை முழுமை பெறாது.

சுவரொட்டி வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு படம் வரைந்து தருகிறது. அதில் தமிழும் இருக்கிறது, அல்லது தமிழ் போன்ற ஒன்று இருக்கிறது: சுழிகள் உண்டு, கொம்புகள் உண்டு, படித்தால் ஒரு சொல்லும் இல்லை. திருவிழா வாழ்த்து அட்டைகளில் இப்படிப்பட்ட எழுத்து அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறோம். அண்மைக் கருவிகள் தேறி வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சரியான சொல்லைப் பலமுறை சரியாகவே எழுதுகின்றன.

ஆனால் சரியாக எழுதினாலும் அது படத்துக்குள் இருக்கும் எழுத்து. பழையகோப்பு அக்கா சொன்ன எல்லாக் குறையும் அதற்கும் உண்டு. தேட முடியாது, திரைபடிப்பிக்கு எட்டாது, ஒரு சொல்லைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி வரையச் சொல்ல வேண்டும். ஒருபுறம் சுவரெழுத்து ஐயா விரும்பும் 'இந்த இடத்துக்கு இது' என்ற தனித்தன்மையை அது போலியாகத் தருகிறது. மறுபுறம் முப்பது ஆண்டாக எழுத்தைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கப் பட்ட பாட்டை ஒரே நொடியில் திருப்பிப் போடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் கருவியைக் கற்றுத் தருகிறார்கள். இதைக் கற்றுத் தருவதில்லை.

---

பழையகோப்பு

புதுத்தூரிகை தம்பி சொன்னது மிகச் சரி. வாழ்த்து அட்டைக்குப் படம் போதும், அதில் எனக்கு வழக்கு இல்லை. மருந்துச் சீட்டும் வாக்காளர் அறிவிப்பும் வெள்ள எச்சரிக்கையும் படமாகச் சுற்றிவரும்போதுதான் வழக்கு. வாட்சப்பில் வரும் அரசு அறிவிப்புகளில் எத்தனை, தட்டெழுதிய செய்தியாக இல்லாமல் ஒளிப்படமாக வருகின்றன என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

எழுத்து படம் அல்லாத இடத்தில் என்ன ஆபத்து என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, நேர்மைக்காகச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்தை ஐபோனுக்கு அனுப்பினால் அதைக் காட்ட முயன்ற செயலி முடங்கியது. ஆப்பிள் சில நாளில் திருத்தம் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் முறையான எழுத்துச் சேர்க்கை ஒன்று அதுவரை போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். வரிவடிவம் சொல்லும் மேலிட அறைகளில் அந்த மொழியைப் படிப்பவர் இருந்தாரா என்ற கேள்வி அங்கே நியாயமாக எழுகிறது.

---

வரிவடிவம்

இலக்கணவாத்தியார் ஐயாவுக்கு: பழைய வடிவங்களை மாற்று வடிவத் தொகுதியாக எழுத்துருவில் வைப்பது கடினமன்று. நான் இப்போது செய்துவரும் எழுத்துருவில் பதின்மூன்றையும் வைத்திருக்கிறேன். இயல்பாகத் தோன்றுவது 1978 வடிவம். கேட்டால் மட்டும் பழையது. வலைப்பக்கத்திலும் பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். வாட்சப்பில் எழுதுபவருக்கு அந்த வழி இல்லை, அதைத் திறந்துவிடுவது எங்கள் கையில் இல்லை.

பாடநூல் எழுத்துரு பற்றி நீங்கள் சொன்னதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். 'ண', 'ன' சுழிகளை எந்த அளவு வரை பிரித்துக் காட்ட முடியும் என்பதை உங்கள் வகுப்பிலேயே அச்சிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். பழையகோப்பு அம்மையார் கேட்ட 'ஔ'வை இந்தப் பதிப்பிலேயே சிறிதாக்கிவிடுகிறேன்.

சுவரெழுத்து ஐயா, பழைய 'ணை', 'லை' இரண்டின் தடித்த வடிவங்களை இந்த இழையில் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வதற்கு உரிய ஊதியமும் எழுத்துருவின் விவரப் பக்கத்தில் பெயரும் உண்டு, தனிமடலில் எழுதுகிறேன்.

---

சுவரெழுத்து

ஊதியம் பற்றித் தனிமடலில் பேசுவோம். படத்தைப் பார்த்தேன். 'லை' நன்றாக இருக்கிறது. 'ணை'யில் நீங்கள் மேற்சுழியைப் பக்கத்துச் சுழிகளின் தடிமனிலேயே போட்டிருக்கிறீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூரிகையில் எழுதும்போது மேலே ஏறும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்து, திரும்பி இறங்கும்போதுதான் பட்டையை முழுதாகப் பதிப்போம். அதன்படி ஏறும் கோட்டை மெலிய விட்டு, சுழியின் வாயை இன்னும் சற்று அகலமாகத் திறந்து வரைந்து அனுப்புங்கள். அகலத்தை ஒடுக்கும்போது எப்படி வருகிறது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும்; அதைப் பார்க்காமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.